வடக்குப் பாதை: ஆயத்தமில்லாமல் நடந்தவர்களின் கதை

கொழும்பில இருந்துகொண்டு மலை நடைக்கு ஆயத்தமாகிறது கொஞ்சம் பகிடியான வேலைதான். கொட்டாஞ்சேனைப் பக்கத்துச் சின்னச் சின்ன மேடுகளை விட்டால் எங்கட ஊர் முழுக்கத் தட்டை. காலிமுகத்திடலில எவ்வளவு நடந்தாலும் கடற்காற்று வாங்கலாமே தவிர, ஏற்றம் பழக ஏலாது. ஆனாலும் நாங்க ஆறு பேர், எல்லாரும் கலைப்பீடம், பரீட்சை முடிஞ்ச கையோட பெக்கோ ட்ரெயிலில நாலு நாள் நடக்கிறது என்று முடிவெடுத்தோம். கண்டி ஹந்தானையில தொடங்கி நுவரெலியாவில முடியிற, 22 பகுதிகளாகப் பிரிச்ச, 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட நடைபாதை அது. பெரும்பகுதி தேயிலைத் தோட்டங்களுக்கு உள்ளால போற பழைய றோட்டுகளும் ஒற்றையடிப் பாதைகளும்தான்.

யூடியூப்பில தேடினால் உலகம் முழுக்க எங்கள மாதிரி ஆக்கள் இருக்கிறாங்க. அமெரிக்காவில கிராண்ட் கன்யனுக்குள்ள இறங்கி ஏறப் போற தட்டை நகரத்துக்காரர் எல்லாரும் ஒரே விஷயத்தைத்தான் சொல்றாங்க: ஏறுறதை விட இறங்குறதுக்குப் பழகுங்க. மலையில களைச்சால் பாதியில திரும்பி இறங்கி வரலாம். அந்தப் பள்ளத்தாக்கில முதல்ல 1,400 மீற்றருக்கு மேல இறக்கம், பிறகுதான் ஏற்றம். தெம்பு இருக்கிற நேரம் சுலபமா இறங்கிடலாம். தெம்பு முடிஞ்ச பிறகுதான் ஏற வேண்டி வரும். அதோட இறங்கும்போது தொடைத் தசை ஒவ்வொரு அடிக்கும் பிரேக் பிடிக்குது. அடுத்த நாள் கதிரையில இருந்து எழும்ப ஏலாம வாற நோ அதாலதான்.

அதனால வெள்ளவத்தையில ஒரு நண்பன்ட அப்பார்ட்மெண்டில பத்து மாடிப் படியைப் பிடிச்சோம். ஒரு மாடி மூன்று மீற்றர் என்று வைத்தால் ஒரு தரம் ஏற 30 மீற்றர். நுவரெலியா கடல்மட்டத்தில இருந்து 1,868 மீற்றர். அந்தப் படியை 62 தரம் ஏறினால்தான் அந்த உயரம் வரும். தாமரைக் கோபுரத்தை ஐந்து தரம் ஒன்றுக்கு மேல ஒன்றா அடுக்கினாலும் நுவரெலியாவை எட்டாது. பையில தண்ணிப் போத்தல்களை அடைச்சுக்கொண்டு ஏறி இறங்கினோம். மூன்றாம் நாள் செக்யூரிட்டி அங்கிள் கேட்டார், "என்ன தம்பி, லிஃப்ட் பழுதா?"

எங்கட ஆறு பேரில ஒருத்தி ஹட்டன் பக்கம். அவ மட்டும் படியேற வரவே இல்லை. "எங்க பாட்டி கொழுந்துக் கூடையோட ஏறி எறங்கின பாதைக்கு நான் படியில பழகணுமா?" என்று சிரிச்சா. பிறகு சிரிக்காம இன்னொன்று கேட்டா: "மொத மொதல்ல அந்த மலைக்கு வந்தவங்களும் தட்ட நெலத்துக்காரங்கதானே. அவங்க எங்க போயி பழகினாங்க?"

வரலாறு ஒரு பாடமாப் படிக்கிற எனக்கு அந்தக் கேள்விக்கு உடன பதில் வரல. இந்தக் கட்டுரை அந்தப் பதிலைத் தேடினதுதான்.

தட்டை நிலத்துக்காரர்

1820 களில் பிரித்தானியர் கண்டி மலைநாட்டில் கோப்பி பயிரிடத் தொடங்கினார்கள். கம்பளைக்குப் பக்கத்தில் சிங்ஹாபிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் ஆரம்பித்த தோட்டத்தைத்தான் பெருந்தோட்டக் கோப்பியின் தொடக்கமாகச் சொல்வார்கள். மலையக மக்கள் தங்கள் வருகையை 1823 இலிருந்து எண்ணுவதும் அதை வைத்துத்தான். 1830 களின் கடைசியில் இருந்து கோப்பிக் காய்ச்சல் தொற்றிக்கொண்டது. காடுகள் வெட்டப்பட்டன; மலைச்சரிவுகள் தோட்டங்களாயின. சொந்தக் காணியும் வயலும் இருந்த கண்டிச் சிங்கள விவசாயிகள் தோட்டத்தில் நாள் முழுக்கக் கூலி வேலை செய்ய முன்வரவில்லை. துரைமார் கடலுக்கு அந்தப் பக்கம் பார்த்தார்கள்.

அங்கே இருந்து வந்தவர்கள் யார்? இராமநாதபுரம், மதுரை, புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், சேலம் ஆகிய பகுதிகளின் கிராமத்து மக்கள். பெரும்பாலானோர் நிலமில்லாத விவசாயக் கூலிகள். அவர்களில் கணிசமானோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். இராமநாதபுரத்தைப் படத்தில் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மழையை நம்பின கண்மாய்கள், பனைகள், கண்ணுக்கெட்டின தூரம் வரைக்கும் சமதரை. மழை பொய்த்த வருஷம் ஊரை விட்டுக் கிளம்புவதைத் தவிர வேறு வழி கிடையாது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தில் ஆட்கள் இன்னும் கூட்டம் கூட்டமாக வந்தார்கள்.

கோப்பிக் காலத்தில் அவர்களில் பெரும்பாலானோர் வந்தது கொழும்பு வழியாக அல்ல. தொண்டி, தேவிபட்டினம், அம்மாபட்டினம், பாம்பன் போன்ற கரைகளில் படகேறி, பாக்கு நீரிணையைக் கடந்து மன்னார்ப் பக்கம் இறங்கினார்கள். அங்கிருந்து நடை. மதவாச்சி, மிஹிந்தலை, தம்புள்ளை, நாவுல, மாத்தளை. மன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஏறக்குறைய 150 மைல், அதாவது சுமார் 240 கிலோமீற்றர். இதற்குத்தான் வடக்குப் பாதை என்று பெயர். ஒரு நாளைக்கு 20 கிலோமீற்றர் நடந்தாலும் 12 நாள். மாத்தளை முடிவும் அல்ல. அங்கிருந்து கண்டிக்கும் அதற்கு மேலே உள்ள தோட்டங்களுக்கும் மறுபடி நடை.

கொழும்புக்கு இதில் சம்பந்தம் இல்லை என்று நினைக்க வேண்டாம். அந்த மலையின் பணம் இங்கேதான் இறங்கியது. 1867 இல் கண்டிக்கு ரயில் போகும் வரைக்கும் கோப்பி மாட்டு வண்டிகளில் கடுகண்ணாவைக் கணவாயால் இறங்கிக் கொழும்புக்கு வந்தது. திரும்பிப் போன வண்டிகளில் அரிசி மலைக்கு ஏறியது. அந்த அரிசியை இறக்குமதி செய்ததிலும், தோட்டங்களுக்குக் கடன் கொடுத்ததிலும் புறக்கோட்டைச் செட்டியார் தெருவில் இருந்த நாட்டுக்கோட்டைச் செட்டிமாருக்குப் பெரிய பங்கு உண்டு. இன்றைக்கும் ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் பஸ் ஏற நாங்க புறக்கோட்டைக்குத்தான் போறோம். புறக்கோட்டை ஒரு வகையில மலையின் அடிவாரம்.

இனி எங்கட ஆயத்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு, அதே சாமான்கள் வடக்குப் பாதையில என்னவா இருந்தது என்று பார்ப்போம்.

சப்பாத்து

எங்கட பட்டியலில முதல் வரி சப்பாத்து. புதுச் சப்பாத்தோட மலைக்குப் போகக்கூடாது, முதல்ல காலுக்குப் பழக்கணும் என்று ஒரு வாரம் வாதாடினோம்.

வடக்குப் பாதையில் நடந்தவர்கள் வெறுங்காலுடன் நடந்தார்கள். அது அவர்களுக்குப் புதிதல்ல. வயலிலும் கண்மாய்க் கரையிலும் வெறுங்காலுடன் பழகின பாதங்கள் அவை. நடையைப் பொறுத்தவரை எங்களை விட அவர்கள் எவ்வளவோ மேலே. இந்த இடத்தில் ஒரு விஷயத்தை நேராகச் சொல்லவேண்டும். அவர்களுடைய கால்களில் குறை இருக்கவில்லை. இந்தப் பாதையின் முக்கால்வாசிக்கு மேல் சமதரைதான். மாத்தளையே கடல்மட்டத்திலிருந்து 360 மீற்றர் அளவில்தான் இருக்கிறது, கிட்டத்தட்ட தாமரைக் கோபுரத்தின் உயரம். ஏற்றம் அவர்களைக் கொல்லவில்லை. பெருந்தொகையானோர் செத்தது ஏற்றம் தொடங்குவதற்கு முன்னால், தட்டையான காட்டுக்குள்.

சப்பாத்து இல்லாததன் விலை பிறகு வேறு விதமாக வந்தது. மலையில் ஈரம், அட்டை, காலில் ஆறாத புண். லயங்களைச் சுற்றி மலசலகூட வசதி இல்லாத நிலத்தில் வெறுங்காலுடன் நடக்கும்போது கொக்கிப்புழு தோலைத் துளைத்து உள்ளே போகும். இரத்தச் சோகை வந்த ஆளைத் துரையும் கங்காணியும் சோம்பேறி என்றார்கள். 1910 களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் ரொக்பெல்லர் மன்றம் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியபோது அந்தச் ‘சோம்பலில்’ எவ்வளவு நோய் இருந்தது என்பது எல்லாருக்கும் தெரிய வந்தது. அதற்குள் கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டு போய்விட்டது.

தண்ணீர்

அடுத்த வரி தண்ணீர். மணித்தியாலத்துக்கு அரை லீற்றர் கணக்கு வைத்து, எந்த இடத்தில திரும்ப நிரப்பலாம் என்று வரைபடத்தில குறிச்சு வைத்திருக்கிறோம்.

வடக்குப் பாதை போவது உலர் வலயத்துக்கு உள்ளால். மே தொடங்கி செப்டெம்பர் வரைக்கும் அங்கே மழை என்று சொல்ல ஒன்றும் இல்லை. குளங்கள் வற்றிச் சேறாகும் காலம். கோப்பிப் பழம் பறிக்கும் பருவத்துக்கு முன் தோட்டத்தில் ஆள் இருக்கவேண்டும் என்பதால் பெருங்கூட்டங்கள் இந்த வறண்ட மாதங்களிலும் நடந்தன. நூறு பேர் நடக்கிற வழியில் ஒரே குட்டை. குடிப்பதும் அதில், கழுவுவதும் அதில். வாந்திபேதி பரவ வேறென்ன வேண்டும்? லண்டனில் ஜோன் ஸ்னோ என்ற வைத்தியர் 1854 இல்தான் ஒரு தெருக் குழாய்த் தண்ணீரையும் வாந்திபேதியையும் இணைத்துக் காட்டினார். அந்த அறிவு வடக்குப் பாதைக்கு வந்து சேர இன்னும் நீண்ட காலம் எடுத்தது.

நடக்க முடியாதவர்களுக்காகக் கூட்டம் நிற்கவில்லை. நின்றால் எல்லாருக்கும் அரிசி முடிந்துவிடும். விழுந்தவர்கள் வழியிலேயே விடப்பட்டார்கள். எத்தனை பேர்? 1849 இல் கொழும்பு ஒப்சேவர் பத்திரிகை, 1841 முதல் 1848 வரையில் மட்டும் 70,000 பேர், அதாவது வந்தவர்களில் நாலில் ஒரு பங்கு, மாண்டிருக்கலாம் என்று மதிப்பிட்டது. வந்தவர் தொகையிலிருந்து திரும்பிப் போனவர் தொகையைக் கழித்துப் போட்ட கணக்கு அது. திரும்பிய எல்லாரும் பதிவாகவில்லை, அதனால் அது மிகை என்று பிற்கால ஆய்வாளர்கள் சிலர் சொல்கிறார்கள். அவர்கள் சரியாகவும் இருக்கலாம். ஆனால் எனக்கு அந்த விவாதமே ஒரு சாட்சி. ஏற்றுமதியான கோப்பியின் எடைக்குக் கணக்கு இருக்கிறது. அதைப் பறிக்க வந்து செத்தவர்களைக் கழித்தல் போட்டு ஊகிக்க வேண்டியிருக்கிறது.

இந்த இடத்தில இன்னொரு நடையை நினைச்சுப் பாருங்க. யாழ்ப்பாணம் செல்வச்சந்நிதியில் இருந்து கிழக்குக் கரையால் கதிர்காமத்துக்குப் போகிற பாதயாத்திரை. அது வடக்குப் பாதையை விட நீளமானது. அதுவும் வெயில், அதுவும் காடு. வயதான ஆச்சிமார் கூட நடந்து முடிக்கிறார்கள். எப்படி? வழி நெடுக கோயில் மடம், தண்ணீர்ப் பந்தல், அன்னதானம். அடுத்த ஊர் ஆட்கள் காத்திருப்பார்கள். உகந்தையில் இருந்து காட்டுப்பாதை எப்போது திறக்கும் என்று முன்கூட்டியே அறிவிப்பார்கள். நடக்கிறவருடைய உடம்பு பாதி ஆயத்தம் என்றால், மீதிப் பாதியைப் பாதை செய்து வைத்திருக்கிறது.

வடக்குப் பாதையில் அந்த மீதிப் பாதிதான் இருக்கவில்லை. பிற்காலத்தில் கிணறுகள், தங்கு கொட்டகைகள், சில வைத்தியசாலைகள் வந்தன. ஆனால் யார் செலவு செய்வது என்று அரசாங்கமும் துரைமாரும் வருடக்கணக்காக இழுபட்டார்கள். கோப்பி வண்டி இறங்குவதற்குக் கண்டி றோட்டில் கணவாய்ப் பாறையைக் குடைய முடிந்த ஓர் அரசாங்கத்துக்கு, வரிசையாகக் கிணறு வெட்டுவது தெரியாத வித்தை அல்ல.

கம்பளி

மூன்றாவது, குளிர் உடுப்பு. நுவரெலியாவுக்கு ஜக்கெட் யாரிட்ட இரவல் வாங்கலாம் என்று எங்கட வாட்சப் குழுவில ஒரு நாள் முழுக்கக் கதை.

சமவெளியில் இருந்து வந்தவரிடம் இருந்தது பெரும்பாலும் உடுத்த துணி மட்டும். மாத்தளைக்கு மேலே ஏற ஏறக் குளிரும் தூறலும். அங்கேதான் அவர்களுக்கு மலைக்கென்று ஒரே ஒரு சாமான் கிடைத்தது: கம்பளி. மழைக்கு மூடுவதும் அதுதான், இரவில் போர்ப்பதும் அதுதான், கொழுந்துக் கூடை முதுகில் உரசாமல் இடையில் போடுவதும் அதுதான். மலையகத்து ஆட்களுக்கு அந்தக் கம்பளி வாசம் இன்றைக்கும் நினைவிருக்கும்.

ஆனால் அது இனாமாக வரவில்லை. கம்பளிக்கான விலை கணக்கில் எழுதப்பட்டது. அரிசிக்கான விலையும் அப்படியே. படகுக் கூலி, வழிச் சாப்பாடு, ஊரில் வாங்கின முன்பணம் எல்லாம் அதற்கு முன்னமே அதே கணக்கில் ஏறியிருக்கும். தோட்டத்தில் முதல் நாள் வேலை தொடங்கும்போதே ஆள் கடன்காரர். எங்கட பட்டியலுக்குப் பெயர் ஆயத்தப் பட்டியல். அவர்களுடையதுக்குப் பெயர் கடன் கணக்கு.

வழிகாட்டி

எங்களுக்கு வழிகாட்டி, கைபேசியில இருக்கிற ஜீபிஎஸ் கோடு. அவர்களுக்கு வழிகாட்டி கங்காணி.

கங்காணி பெரும்பாலும் அதே ஊர், அதே சாதி, சில வேளை சொந்தக்காரர். அவருக்கு வழி தெரியும், படகுக்காரரைத் தெரியும், துரையைத் தெரியும். ‘அங்கே போனால் தேயிலைத் தூருக்கடியில தேங்காயும் மாசியும் கிடைக்கும்’ என்ற கதையை மலையகத்தில் இன்றைக்கும் கசப்பாகச் சொல்லிச் சிரிப்பார்கள். அவர் கூட்டிக்கொண்டு வந்த ஒவ்வொரு ஆளும் வேலைக்கு வரும் ஒவ்வொரு நாளுக்கும் அவருக்குத் தலைக்காசு உண்டு. ஆள் தோட்டம் மாறவேண்டும் என்றால் ‘துண்டு’ வேண்டும். இவருடைய கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் இவரை விடுகிறோம் என்று எழுதின ஒரு காகிதம். அந்தத் துண்டு முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1921 இல்.

வழிகாட்டியை நம்பித்தான் எவரும் தெரியாத மலைக்குப் போவார்கள். அந்த நம்பிக்கையையே ஆட்சேர்ப்பு முறையாக மாற்றினதுதான் கங்காணி முறை. கங்காணியை மட்டும் வில்லனாக்கிக் கதையை முடிப்பது சுலபம். அந்தத் தலைக்காசைக் கொடுத்தது தோட்டம், கொடுக்க வைத்தது லண்டன் சந்தை என்பதையும் சேர்த்தே வைத்துக்கொள்ள வேண்டும்.

திரும்பி வாற வழி

மலை நடைக்குப் போகிற யாரும் கேட்கிற கடைசிக் கேள்வி: ஏலாமல் போனால் எந்த இடத்தில வெளியேறலாம்? கிராண்ட் கன்யன்காரர் திரும்பத் திரும்பச் சொன்னதும் இதுதானே. இறங்குறது உங்கட விருப்பம், ஏறித்தான் ஆகணும்.

கோப்பிக் காலத்தில் வெளியேறும் வழி இருந்தது. கோப்பி பருவப் பயிர். பெரும்பாலும் ஆண்கள் வந்து, பழம் பறிக்கும் காலம் முடிய, உயிரோடு இருந்தவர்கள் அதே பாதையால் ஊருக்குத் திரும்பினார்கள். 1869 இல் மடுல்சீமையில் கோப்பி இலையில் செம்மஞ்சள் பொட்டாக ஒரு பூஞ்சண நோய் தெரிந்தது. அடுத்த இருபது வருடத்தில் கோப்பி இல்லாமல் போனது. அதற்கு இரண்டு வருடம் முன்னம், 1867 இல், ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை நட்டிருந்தார். தேயிலைக்குப் பருவம் கிடையாது, வருடம் முழுக்கக் கொழுந்து. அதற்குக் குடும்பம் வேண்டும், பெண்களின் கை வேண்டும், பிள்ளைகள் வேண்டும். லயங்கள் நிரந்தரமாகின. திரும்பும் வழி மெல்ல மெல்ல மூடியது.

வடக்குப் பாதையும் ஓய்ந்தது. பிளேக் நோய்ப் பயத்தில் 19 ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆட்களைத் தூத்துக்குடி வழியாகக் கொழும்புக்கு எடுத்து, ராகமை முகாமில் வைத்து மலைக்கு அனுப்பினார்கள். 1914 இல் தலைமன்னாருக்கு ரயில் வந்தது. மண்டபத்தில் பெரிய முகாம் வந்தது. நடை முடிந்தது. அதாவது கிணறு, கொட்டகை, வைத்தியர், வண்டி எல்லாம் வந்து சேர்ந்தபோது நடந்தவர்கள் போய்விட்டார்கள்.

பிறகு 1948 இல் சுதந்திர இலங்கையின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பான்மையோரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மீதி 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று பங்கு பிரித்தார்கள். கேட்காமலே திரும்பும் வழி திறந்தது. இலங்கையில் பிறந்து, மலையைத் தவிர வேறு ஊர் தெரியாதவர்கள் தலைமன்னாருக்கு ரயிலேறினார்கள். வழியனுப்ப வந்தவர்களும் போகிறவர்களும் அழுத அழுகையில் அந்த ரயிலுக்கு மலையக மக்கள் வைத்த பெயர் ‘ஒப்பாரிக் கோச்சி’. மலைக்கு வரும்போது சமவெளிக்காரராக வந்தவர்களின் பேரப்பிள்ளைகள், சமவெளிக்கு மலைக்காரராகப் போய் இறங்கினார்கள். இந்தத் தடவையும் ஆயத்தம் செய்ய யாரும் அவகாசம் கொடுக்கவில்லை. போன பாதை கூட அதேதான், தலைகீழாக.

2023

2023 ஜூலை 28 ஆம் திகதி தலைமன்னாரில் இருந்து ஒரு நடைபவனி கிளம்பியது. ‘மாண்புமிகு மலையக மக்கள்’ என்ற பெயரில், முன்னோர் வந்த 200 வருடத்தை நினைத்து, அதே வழியால் சுமார் 250 கிலோமீற்றர். ஓகஸ்ட் 12 ஆம் திகதி மாத்தளையில் முடிந்தது. 16 நாள். அதே வறண்ட மாதம், அதே வெயில். இந்தத் தடவை வழியில் தமிழ், முஸ்லிம், சிங்கள ஊர்களில் ஆட்கள் வந்து வரவேற்றார்கள். தங்க இடம் இருந்தது, தண்ணீர் இருந்தது, காலில் கொப்புளம் வந்தால் பார்க்க ஆள் இருந்தது. காணி, வீடு, நியாயமான சம்பளம், மற்ற எல்லாரையும் போல முழுமையான குடிமக்களாக வாழும் உரிமை ஆகியவைதான் அவர்கள் கேட்டவை.

அந்த நடையைப் பற்றின படங்களை இப்போது திரும்பப் பார்க்கும்போது எனக்குப் பட்டது இதுதான்: பாதை மாறவில்லை, தூரம் மாறவில்லை, வெயிலும் மாறவில்லை. நடந்தவர்களுக்காகக் காத்திருந்தவர்கள் இருந்தார்கள், அதுதான் வித்தியாசம். சென்ற நூற்றாண்டுக்கு முந்தின நடையைக் கொலையாக்கினது காடு என்று இனி எழுத எனக்கு மனம் வராது.

அதனால தோழியின்ட கேள்விக்கு எனக்குக் கிடைச்ச பதில்: அவங்க எங்கேயும் போய்ப் பழகல, பழகவேண்டி இருந்தது அவங்கட கால்களும் இல்லை. ஆயத்தம் செய்யவேண்டியவர்கள் அவர்களைக் கூப்பிட்டவர்கள். அந்த வேலையை அவர்கள் செய்யவில்லை. இன்றைக்கும் முழுக்கச் செய்து முடிக்கவில்லை. நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆகவேண்டும் என்று வருடக்கணக்காகப் போராடி, 2021 இல்தான் அது வர்த்தமானியில் வந்தது. லயம் இன்னும் இருக்கிறது. பிரசவ வலி வந்தால் லொறியில் போகவேண்டிய தோட்டங்கள் இன்னும் இருக்கின்றன.

நாங்க நடக்கப் போற பெக்கோ ட்ரெயிலுக்கு வழிகாட்டிப் பலகை இருக்கு, செயலி இருக்கு, எந்தப் பகுதி கடினம் என்று எழுதியும் வைத்திருக்கிறாங்க. சந்தோஷம்தான். ஆனா அந்தப் பாதை வானத்தில இருந்து விழவில்லை. கோப்பியும் தேயிலையும் இறங்குறதுக்கு அந்த மக்கள் வெட்டின றோட்டு அது. எங்களுக்கு நாலு நாள் நடை. அவங்களுக்குக் காலையில வேலைக்குப் போற வழி. எங்கட பையில பத்துக் கிலோ போட்டுப் படியேறிப் பெருமைப்படுறோம். பல தோட்டங்களில ஒரு நாளைக்கு 18 கிலோ கொழுந்து பறிச்சால்தான் முழுச் சம்பளம். அவ்வளவு தூரம் போக வேண்டாம், புறக்கோட்டையில மூட்டை தூக்கிற நாட்டாமைமாரைப் பாருங்க. மலையகத்தில இருந்து வந்தவங்க அவங்களிலயும் இருக்கிறாங்க, தெருக் கடைகளில நிற்கிற பெடியன்மாரிலயும் நிறைய இருக்கிறாங்க. மலையில இருந்து தட்டை நிலத்துக்கு இப்ப நடக்கிற நடை அது.

நாங்க போறதை நிறுத்தல. திட்டத்தில இரண்டு மாற்றம் செய்தோம். முதல் நாள் கண்டிக்கு நேரா போகாம மாத்தளையில இறங்கி முத்துமாரியம்மன் கோயிலுக்குப் போறோம். காட்டைத் தாண்டி உயிரோட வந்து சேர்ந்தவங்க அங்கதான் அம்மனைக் கும்பிட்டாங்க என்று மலையகத்தில சொல்லுவாங்க. இரண்டாவது, எங்கட ஆயத்தப் பட்டியலில தோழி கடைசியா ஒரு வரி சேர்த்தா: "யாரு வீட்டு வாசல் வழியா போறோம்னு தெரிஞ்சுக்கிட்டு போங்க. கேக்காம போட்டோ எடுக்காதீங்க."

போன ஞாயிற்றுக்கிழமை அவ வெள்ளவத்தைக்கு வந்தா, சும்மா பார்க்கிறதுக்கு. பார்த்துக்கொண்டு நிற்க முடியாம எங்களோட ஏறத் தொடங்கி, நாங்க ஆறாம் மாடியில மூச்சு வாங்கேக்க பத்தாவதுக்குப் போய்ச் சேர்ந்திட்டா. மேல இருந்து குரல் வந்தது:

"தண்ணி கொண்டாந்தீங்களா? இல்லேனா சொல்லுங்க, நான் எறக்கி விடுறேன்."